2,147,483,647: கணினிக்கு எல்லை வகுத்த பகா எண்

மாதத்தின் முதல் நாள் ஒருவர் உண்டியலில் ஒரு காசு போடுகிறார். இரண்டாம் நாள் இரண்டு காசு, மூன்றாம் நாள் நான்கு, நான்காம் நாள் எட்டு என ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் போட்டதைப் போல் இரு மடங்கு போட்டு வருகிறார். முதல் வாரம் முடியும்போது உண்டியலில் இருப்பது 1 வெள்ளி 27 காசுதான். பத்தாம் நாள் 10 வெள்ளி 23 காசு. ஆனால் 31ஆம் நாள் முடியும்போது உண்டியலில் 21,474,836 வெள்ளி 47 காசு இருக்க வேண்டும். காசாக எண்ணினால் 2,147,483,647.

கோடிக் கணக்கில் பழகியவர்களுக்கு இது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இந்தப் பத்து இலக்க எண் ஒரு பகா எண். அதை 1772ஆம் ஆண்டில் ஓர் அறிஞர் கணினி எதுவும் இல்லாமல் நிரூபித்தார். வேடிக்கைக்குத் தவிர வேறெதற்கும் பயன்படாது என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்ட இந்த எண், இன்று உலகமெங்கும் கணினிகளுக்குள் ஓர் எல்லைக் கல்லாக நிற்கிறது. 2038இல் பல பழைய கருவிகள் தேதியைத் தவறாகக் காட்டக்கூடும் என்ற எச்சரிக்கைக்கும் இதுவே காரணம்.

பகா எண் என்றால் என்ன?

இது ஆரம்பப்பள்ளிக் கணிதப் பாடம். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், ஒன்றைவிடப் பெரிய முழு எண்ணைப் பகா எண் என்கிறோம். மலாய்ப் பாடநூல்களில் இது 'நோம்போர் பெர்டானா'. வேறு எண்களாலும் வகுபட்டால் அது பகு எண்.

தோட்டத்துக் கணக்கில் சொன்னால் எளிதில் புரியும். 12 ரப்பர் கன்றுகள் இருந்தால் 2 நிரையில் ஆறு ஆறாக நடலாம், 3 நிரையில் நான்கு நான்காகவும் நடலாம். 13 கன்றுகள் இருந்தால் ஒரே வரிசையாகத்தான் நட முடியும். எப்படிப் பிரித்தாலும் நிரைகள் சமமாக வராது. ஆகவே 12 பகு எண், 13 பகா எண். 2,147,483,647 கன்றுகளை நடச் சொன்னாலும் 13 கன்றுகளின் கதைதான்.

நூறுக்குள் 25 பகா எண்கள் உள்ளன. பகா எண்களுக்கு முடிவே கிடையாது என்பதைக் கிரேக்க அறிஞர் யூக்ளிட் ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார். அப்படியானால் பெரிய பகா எண்கள் இருப்பது உறுதி. கையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட பெரிய எண், பகா எண்தானா என்று உறுதி செய்வதுதான் கடினம்.

உண்டியல் கணக்கும் மெர்சென் எண்களும்

உண்டியலில் ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள தொகையை வரிசையாக எழுதினால் 1, 3, 7, 15, 31, 63, 127 எனப் போகும். இவை எல்லாம் இரண்டை இரண்டாலேயே பலமுறை பெருக்கி, கடைசியில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பவை. ஐந்தாம் நாள் தொகை 2⁵ − 1, அதாவது 31. முப்பத்தோராம் நாள் தொகை 2³¹ − 1, அதுதான் 2,147,483,647.

இந்த வரிசையில் ஒரு விதி உண்டு. நாளின் எண் பகு எண்ணாக இருந்தால், அன்றைய தொகையும் பகு எண்ணாகவே இருக்கும். நான்காம் நாள் தொகையான 15, ஆறாம் நாள் தொகையான 63 இரண்டும் பகு எண்கள். நாளின் எண் பகா எண்ணாக இருந்தால் மட்டுமே தொகையும் பகா எண்ணாக வாய்ப்புண்டு. அதுவும் வாய்ப்புதான், உறுதியில்லை. 11 ஒரு பகா எண். ஆனால் 11ஆம் நாள் தொகையான 2,047 என்பது 23 பெருக்கல் 89.

ஒரு மாதத்தின் 31 நாளில் பகா எண்ணாக அமையும் தொகைகள் எட்டே எட்டுதான். 2, 3, 5, 7, 13, 17, 19, 31 ஆகிய நாள்களில் அவை வரும்: 3, 7, 31, 127, 8,191, 131,071, 524,287, கடைசியாக 2,147,483,647.

இவ்வகைப் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மரீன் மெர்சென் பிரான்சு நாட்டுத் துறவி. 1644இல் வெளியிட்ட நூலில், 257 வரை எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் தவறுகள் இருந்தன. 67, 257 இரண்டையும் தவறாகச் சேர்த்திருந்தார்; 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். ஆனால் 31 அவருடைய பட்டியலில் இருந்தது. அது சரிதானா என்று நிரூபிக்க நூறாண்டுக்கும் மேல் ஆனது.

பார்வை இழந்தவர் போட்ட கணக்கு

நிரூபித்தவர் லியோன்ஹார்ட் ஆய்லர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1707இல் பிறந்தவர். 1772இல் அவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். வயது 65. கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. மனக்கணக்காகப் போட்டு, உதவியாளர்களை எழுத வைத்துத்தான் அவர் அந்நாளில் ஆராய்ச்சி செய்தார். 2³¹ − 1 ஒரு பகா எண் என்ற முடிவை அவ்வாண்டு பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கணித அறிஞருக்குக் கடிதத்தில் தெரிவித்தார்.

அவர் வேலையை எப்படிச் சுருக்கினார் என்பதே இதில் கற்றுக்கொள்ள வேண்டியது.

ஓர் எண் இரு எண்களின் பெருக்கலாக இருந்தால், அவற்றுள் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 46,340ஐ அதே எண்ணால் பெருக்கினால் 2,147,395,600. 46,341ஐ அப்படிப் பெருக்கினால் 2,147,488,281, அதாவது நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே 46,340 வரை உள்ள எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய 4,800 வகுத்தல்கள் செய்ய வேண்டும்.

அடுத்த சுருக்கத்தைத் தந்தது பிரான்சு அறிஞர் ஃபெர்மாவின் கண்டுபிடிப்பு. 2³¹ − 1ஐ வகுக்கும் பகா எண் ஏதேனும் இருந்தால், அதை 31இன் இரு மடங்கான 62ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். முன்பு பார்த்த 2,047இல் இது சரியாக இருப்பதைக் காணலாம். அங்கே அடுக்கு 11, அதன் இரு மடங்கு 22. 23 என்பது 22 கூட்டல் 1. 89 என்பது நான்கு 22 கூட்டல் 1.

மூன்றாவது சுருக்கம், அப்படிப்பட்ட பகா எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரும் என்ற விதி. 23க்கு மீதி 7, 89க்கு மீதி 1.

இரண்டு விதிகளையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தரும் எண்கள் மட்டுமே மிஞ்சும். 46,340க்குள் அத்தகைய எண்கள் ஏறக்குறைய 370தான். அவற்றிலும் பகு எண்களை விட்டுவிடலாம். முதலில் நிற்கும் பகா எண் 311, அடுத்தது 1,303. கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரிலேயே இதைத் தொடங்கிப் பார்க்கலாம். 2,147,483,647ஐ 311ஆல் வகுத்தால் 6,905,092 முறை போக 35 மிஞ்சும். இப்படி வரிசையில் உள்ள எந்தப் பகா எண்ணாலும் அது மீதியின்றி வகுபடவில்லை. ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் சில நூறாகக் குறைந்ததற்குக் காரணம் வேகமான கை அல்ல. எதை வகுத்துப் பார்க்கத் தேவையில்லை என்பது ஆய்லருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இதே எண் தரும் நிறைவு எண்

6ஐ மீதியின்றி வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. அவற்றைக் கூட்டினால் மீண்டும் 6. 28க்கு 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. இப்படிப்பட்டவை நிறைவு எண்கள். மெர்சென் பகா எண் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து ஒரு நிறைவு எண்ணும் கிடைக்கும் என்பதை யூக்ளிட் காட்டினார். உண்டியல் கணக்கில் சொன்னால், ஒரு நாளின் மொத்தத் தொகை பகா எண்ணாக இருந்தால், அதை அந்த நாள் மட்டும் போட்ட காசால் பெருக்க வேண்டும். இரண்டாம் நாள் 3 பெருக்கல் 2, விடை 6. மூன்றாம் நாள் 7 பெருக்கல் 4, விடை 28.

31ஆம் நாள் மட்டும் போட்ட காசு 1,073,741,824. அதை 2,147,483,647ஆல் பெருக்கினால் 2,305,843,008,139,952,128. இது எட்டாவது நிறைவு எண்.

இங்கிலாந்துக் கணித ஆசிரியர் பீட்டர் பார்லோ 1811இல் எழுதிய நூலில், இதைவிடப் பெரிய நிறைவு எண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று கருதினார். இத்தகைய எண்கள் வியப்புக்கு மட்டுமே, பயனுக்கு இல்லை என்பதால் யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. அந்தக் கணிப்பு இரண்டு வகையிலும் பொய்த்தது. மெனக்கெட ஆட்கள் வந்தார்கள், பயனும் வந்தது.

29 படியில் ஒரு சோதனை

பிரான்சைச் சேர்ந்த எட்வார்ட் லூக்கா 1876இல் 2¹²⁷ − 1 ஒரு பகா எண் என்று காட்டினார். அது 39 இலக்க எண். அவர் கண்ட வழியை அமெரிக்கரான டெரிக் லேமர் பின்னர் செம்மைப்படுத்தினார். அந்தச் சோதனையில் வகுக்கும் எண்களைத் தேட வேண்டியதே இல்லை.

4இல் தொடங்க வேண்டும். அதை வர்க்கமாக்கி 2ஐக் கழிக்க வேண்டும். விடையைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே திரும்பச் செய்ய வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளுக்குப் பிறகு மீதி சுழியம் வந்தால், அது பகா எண்.

2⁵ − 1, அதாவது 31ஐ இப்படிச் சோதிக்க மூன்று படி போதும். 4இன் வர்க்கம் 16, இரண்டு போக 14. 14இன் வர்க்கம் 196, இரண்டு போக 194. அதை 31ஆல் வகுத்தால் மீதி 8. 8இன் வர்க்கம் 64, இரண்டு போக 62. அதை 31ஆல் வகுத்தால் மீதி சுழியம். ஆகவே 31 பகா எண். 2,147,483,647க்கு இதே வேலை 29 படியில் முடியும்.

இன்றும் மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவோர் இந்தச் சோதனையின் வழியைப் பயன்படுத்துகிறார்கள். 1996இல் தொடங்கிய இணையவழிக் கூட்டுத் தேடலில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை ஈடுபடுத்துகின்றனர். அதன் வழி 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண், இரண்டின் 136,279,841ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருவது. அதற்கு 41,024,320 இலக்கங்கள். இது 52ஆவதாகக் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்.

கணினிக்குள் வந்தது எப்படி?

கணினி எண்களை 0, 1 என்ற இரண்டு குறிகளால் மட்டுமே எழுதும். அந்த முறையில் 2,147,483,647 என்பது வரிசையாக 31 ஒன்றுகள். கணினிகளில் ஓர் எண்ணுக்கு 32 இடங்களை ஒதுக்குவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அவற்றில் ஓர் இடம் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதைக் காட்டும். மிச்சம் 31 இடம். 31 இடத்திலும் ஒன்று நிரம்பிவிட்டால் அதற்கு மேல் எழுத இடமில்லை. ஆகவே அந்த முறையில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647.

எல்லையாக வந்து நின்றதற்கு அது பகா எண்ணாக இருப்பது காரணம் இல்லை. ஆனால் அது பகா எண்ணாகவும் இருப்பதால் இன்னொரு பயன் கிடைத்தது. கணினி விளையாட்டில் சீட்டைக் கலைத்துப் போடுவதற்குத் தாறுமாறாகத் தோன்றும் எண்கள் தேவை. ஒன்றில் தொடங்கி, 16,807ஆல் பெருக்கி, 2,147,483,647ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டே போனால் அத்தகைய வரிசை கிடைக்கும்: 16,807, பிறகு 282,475,249, பிறகு 1,622,650,073. ஒன்று முதல் 2,147,483,646 வரை உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வந்த பிறகே வரிசை தொடக்கத்துக்குத் திரும்பும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இப்படி ஓர் எண்ணும் விடுபடாத வரிசை கிடைக்காது. அமெரிக்கக் கணினி அறிஞர்கள் பார்க், மில்லர் இருவரும் 1988இல் இந்த முறையைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தனர்.

வங்கிப் பரிமாற்றத்தைப் பாதுகாக்கும் பூட்டுகளுக்கு மட்டும் இந்த எண் போதாது. அவற்றில் முந்நூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட பகா எண்கள் பயன்படுகின்றன.

எல்லை நிரம்பினால்

பழைய மோட்டார் சைக்கிளின் மீட்டர் 99,999ஐத் தொட்ட பிறகு 00,000க்குத் திரும்பிவிடும். கணினியிலும் ஏறக்குறைய இதுவே நடக்கும். 2,147,483,647உடன் ஒன்றைக் கூட்டினால் குறி காட்டும் இடமும் மாறிவிடும். அடுத்த எண் −2,147,483,648 என்று ஆகிவிடும்.

2014 டிசம்பரில் தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' காணொளியைப் பார்த்தோர் எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியது. யூடியூப் நிறுவனம் எண்ணிக்கைக்கு 64 இடங்கள் ஒதுக்கும் முறைக்கு மாறியது.

2015இல் வந்த செய்தி அவ்வளவு வேடிக்கையானது அல்ல. போயிங் 787 விமானத்தின் மின்சாரம் 248 நாள் தொடர்ந்து நிறுத்தப்படாமல் இருந்தால், மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிக்குள் இருக்கும் எண்ணி நிரம்பி மின்சாரம் தடைபடலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் எச்சரித்தது. அதற்கு முன்பாகவே மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் இயக்க உத்தரவிட்டது. ஒரு வினாடியை நூறாகப் பிரித்து எண்ணினால், 2,147,483,647 வரை எண்ண 248 நாளுக்குச் சற்று அதிகமாகும்.

2038 ஜனவரி 19

பல கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி முதல் நாள் தொடங்கி எத்தனை வினாடி கடந்தது என்றே எண்ணுகின்றன. தேதி, மாதம், ஆண்டு எல்லாம் அந்த ஒரே எண்ணிலிருந்து கணக்கிடப்படுகின்றன. 32 இடங்களில் அந்த எண்ணை வைத்திருக்கும் கருவிகளுக்கு 2,147,483,647ஆவது வினாடியே கடைசி. அது மலேசிய, சிங்கப்பூர் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 11 மணி 14 நிமிடம் 7 வினாடி. அடுத்த வினாடியில் அத்தகைய கருவி 1901 டிசம்பருக்குத் தாவிவிடக்கூடும்.

புதிய கைப்பேசிகளும் கணினிகளும் பெரும்பாலும் 64 இட முறைக்கு மாறிவிட்டன. அதன் எல்லை 9,223,372,036,854,775,807. வினாடிக் கணக்கில் அது ஏறக்குறைய 29,200 கோடி ஆண்டுகள். சிக்கல் இருப்பது, ஒருமுறை பொருத்திவிட்டுப் பல ஆண்டுகள் மாற்றாமல் விடப்படும் கருவிகளில்தான். கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் உள்ள கட்டுப்பாட்டுக் கருவிகள், பழைய வருகைப் பதிவு இயந்திரங்கள், கேமரா பதிவுக் கருவிகள் போன்றவை அந்த வகை. கடை, பட்டறை, சங்க அலுவலகம் நடத்துவோர் இத்தகைய கருவியை வாங்கும்போது அது 2038க்குப் பிறகும் தேதியைச் சரியாகக் காட்டுமா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எதிர்காலத் தேதிகளைக் கணக்கிடும் மென்பொருள்களுக்கு அந்த நாள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2003இல் தொடங்கிய 35 ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை 2038இல்தான் வரும்.

இந்த எண்ணைப் பற்றிச் சுருக்கமாக

எட்டாவது மெர்சென் பகா எண். அதற்கு முந்தைய பகா எண் 2,147,483,629, அடுத்த பகா எண் 2,147,483,659. இலக்கங்களின் கூட்டுத்தொகை 46, ஆகவே 3ஆல் வகுபடாது. அதில் ஒன்றைக் குறைத்தால் வரும் 2,147,483,646ஐ 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகிய பகா எண்கள் எல்லாம் வகுக்கும். ஒன்றைக் கூட்டினாலோ இரண்டைத் தவிர வேறெந்தப் பகா எண்ணாலும் வகுபடாத 2,147,483,648 வரும்.

உண்டியலில் இதே வரிசையில் 63 நாள் காசு போட்டால் வரும் தொகைதான் 64 இட முறையின் புதிய எல்லை. ஆனால் அது பகா எண் இல்லை. 63 என்பது 7 பெருக்கல் 9 என்பதிலேயே அதற்கு விடை இருக்கிறது. அந்த எண் 7ஆல் மீதியின்றி வகுபடும். 19 இலக்கமும் காட்டும் கால்குலேட்டர் இல்லாவிட்டாலும், ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் மாணவர்கள் இதை வகுத்துச் சரிபார்த்துவிடலாம்.